பல் பிடுங்கிய நாள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து குடித்துவிட்டு நடக்கிற ஆள் மாதிரி அங்கேயும் இங்கேயும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், தினமும் ஒரு பக்கமாவது எழுத வேண்டும், எழுத்து தேறும்வரை விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். "என்னத்தை எழுதறது?" என்று கேட்டேன். "யாருக்காவது கடிதம் எழுதுங்க. ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதினா அலுத்துப்போகும்" என்றாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். போன் செய்தால் அண்ணன் எடுக்கிறான், "சாப்பிட்டியா" என்கிறான், வைத்துவிடுகிறான். அதனால் உங்களுக்கு.

தையல்கார அக்காவின் அறையில்தான் இருக்கிறேன். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அக்கா நாள் முழுக்க மிஷின் ஓட்டுகிறாள். முதலில் அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. இப்போது பழகிவிட்டது. எல்லாமே பழகிவிடுகிறது.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கட்டைவிரல் இருக்கிறது, மற்ற நாலும் இல்லை. உள்ளங்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கே ஊசியால் குத்தி "தெரியுதா?" என்று கேட்கிறார் டாக்டர். தெரியவில்லை. "இங்கே?" தெரியவில்லை. எழுதிக்கொள்கிறார். கை மட்டும் இல்லை அண்ணி, மொத்தத்தில் எனக்கு எதுவுமே தெரிகிற மாதிரி இல்லை. அழுகைகூட வரவில்லை. இந்தப் பேர் உனக்கு யார் வைத்தது, காசுக்குப் பிரயோஜனமில்லாத வாயாடியாக இருக்கிறாயே என்று அக்கா கேலி செய்கிறாள்.

லாண்டரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கு எனக்கு வார விடுமுறையாம். வேலையில் இல்லாத ஆள் அனுமதி இல்லாமல் உள்ளே வந்து இயந்திரத்தைத் தொட்டால் நிர்வாகம் பொறுப்பில்லையாம். வருகை அட்டைகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். என் அட்டை அன்றைக்கு மாட்டின இடத்திலேயே தொங்கியது. உங்கள் அட்டையை அல்லவா நான் கடிகாரப் பெட்டியில் அடித்துவிட்டு உங்கள் இடத்தில் போய் நின்றேன். நமக்கு இது புதிதா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் அட்டையை அடித்துவிட்டு நீங்கள் நின்றீர்கள். லாண்டரியில் யார்தான் செய்யவில்லை. சூப்பர்வைசர் விசிலுக்குத்தான் தெரியாதா. அன்றைக்கு முகத்துக்கு நேரே நின்று என்னை "ஏய்" என்று கூப்பிட்டு விசில் ஊதியவர்தானே.

இங்கே இலவச சட்ட உதவி மையம் ஒன்று இருக்கிறதாம். போய்ப் பார் என்று அக்கா பிய்த்து எடுக்கிறாள். போவேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் பல் எப்படி இருக்கிறது. பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா. கன்னம் வீங்கி, பேச முடியாமல், லீவு கேட்டு நின்றீர்களே, விசில் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாரே, அதுதான் கண்ணில் நிற்கிறது. மற்றதெல்லாம் மங்கல்.

உங்கள்
வாயாடி


மார்ச் 12

என் செல்ல வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. கடிதம் வந்தது. கோழி கிளறின குப்பைகூட ஒரு ஒழுங்காக இருக்கும். உன் அண்ணன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துப் பார்த்தார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பல் ஆறிவிட்டது. இருந்த இடத்துக்கு நாக்கு போய்ப் போய் நிற்கிறது, அவ்வளவுதான். அதை இனிமேல் விசாரிக்காதே.

இங்கே எல்லாம் பழையபடிதான். உன் கையை இழுத்த இஸ்திரி உருளையை அடுத்த நாளே ஓட்டிவிட்டார்கள். உருளைக்கு முன்னால் அந்தத் தடுப்புக் கம்பி இருக்கிறதே, கை பட்டால் உருளை நிற்க வேண்டியது, விரிப்பின் மடித்துத் தைத்த ஓரம் பட்டாலும் நின்று கழுத்தறுக்கிறது என்று தலையணை உறையைக் கிழித்துத் தூக்கிக் கட்டியிருப்போமே. அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டார்கள். பிறகு பார்க்கணுமே, நின்று நின்று ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிற விரிப்பெல்லாம் மலையாகக் குவிகிறது, விசிலுக்கு ஊதி ஊதிக் கன்னமே உப்பிவிட்டது. நேற்று யாரோ மறுபடி கட்டிவிட்டார்கள். யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் உருளைப் பக்கம் போகிறதில்லை. மடிக்கிற மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாட்டுக்காரி பாடுவதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு உன்னோடு உருளையில் நின்றவள் அவள்தானே. வண்டிக்கு நேரமாச்சு என்று விசில் அவளை மடிக்க இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சட்டம் கிட்டம் என்று அவசரப்படாதே அம்மா. வழக்கில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். முதலாளி உன் அண்ணனைக் கூப்பிட்டு, "அவ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. ஏதாவது செய்வோம், பொறு" என்றாராம். அந்த 'மாதிரி' எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. இருந்தாலும் பொறுத்துப் பார்ப்போம்.

உன் போர்வையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வண்டி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தனியாகச் சாப்பிட முடிகிறதா. தலை யார் பின்னிவிடுகிறார்கள்.

உன் அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

போர்வை வந்தது. அண்ணன் கீழே நின்று அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். மாடி ஏறவில்லை. வண்டியை நிறுத்த இடம் இல்லையோ என்னவோ.

தலையை அக்கா பின்னிவிடுகிறாள். துணிக்குத் தையல் போடுகிற கணக்கில் இழுத்துப் பிடித்துப் பின்னுகிறாள், புருவம் இரண்டும் மேலே போய்விடுகிறது.

சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பழைய கட்டடம், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. வரிசையில் எல்லோரும் என் மாதிரிதான். கழுத்துப் பட்டை போட்ட ஒருவர், ஊன்றுகோலோடு ஒருவர். வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் முதலில் மற்றவர் கட்டைப் பார்க்கிறார்கள், பிறகு தன் கட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பவுன் பார்க்கிற மாதிரி. முன்பு என்றால் இதைச் சொல்லி உங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்திருப்பேன்.

வக்கீலம்மா என்னைவிடச் சின்னவள் போல இருந்தாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள். முழுதும் சொன்னேன். யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரி வந்தது. அவள், "வேலை செய்யறப்ப அந்த வேலையால அடிபட்டதுன்னு காட்டினாப் போதும். யார் கவனக்குறைவுங்கறது பெரிய விஷயமே இல்லை. ஆனா காகிதத்துல நீங்க அன்னிக்கு வேலையிலயே இல்லையே" என்றாள்.

பாட்டுக்காரியைக் கேட்கலாமா என்றேன். அவளிடம் ஏற்கெனவே எழுதி வாங்கிவிட்டார்களாம். 'மடிக்கிற மேசையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை' என்று. அது உண்மைதான், அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆக, மிச்சம் நீங்கள்தான் அண்ணி. அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லை, பல் டாக்டரிடம் இருந்தீர்கள், உங்களுக்குப் பதிலாக என்னை நிறுத்தினீர்கள், விசிலுக்குத் தெரியும். இதைச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் கொடுத்த சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னாள். "உங்க அண்ணிக்கு வேலை போகலாம். அதை மறைச்சுக் கேக்காதீங்க. சொல்லிட்டுக் கேளுங்க." சொல்லிவிட்டேன்.

இனிமேல் எந்த லாண்டரியிலும் என்னை எடுக்க மாட்டார்கள். கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு விரிப்பின் மூலையைப் பிடிக்க முடியாது, பிடித்துப் பார்த்தேன். அக்கா எத்தனை நாள் சோறு போடுவாள். அதனால் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 1

வாயாடிக்கு,

உடனே பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எழுத்து கொஞ்சம் தேவலை. 'ற' மட்டும் இன்னும் நொண்டுகிறது.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். நாங்கள் இருக்கிற இந்த அறை லாண்டரி கொடுத்தது. வேலை போனால் அன்றைக்கே பெட்டி படுக்கை வெளியே. உன் அண்ணன் ஓட்டுகிற வண்டியும் அதே முதலாளி வண்டி. எனக்கு மட்டும் வேலை போவதாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். (பார், எங்கே சுற்றினாலும் பல்லில்தான் வந்து நிற்கிறேன்.) இரண்டு வேலையும் ஓர் அறையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணியைப் பிடுங்கச் சொல்கிறாய்.

உன் அண்ணனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவளுக்கும் நான்தான் அண்ணன். எனக்கும் தலைக்கு மேல ஒரு கூரை வேணும். ரெண்டையும் ஒண்ணா வெச்சு என்னை யோசிக்கச் சொல்லாதே" என்றார். கை கழுவிவிட்டு வெளியே போனார். வண்டியில் போய் உட்கார்ந்திருந்தார். எங்கும் ஓட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

முதலாளி உனக்கு ஒரு வேலை தருவதாகச் சொல்கிறார். வாசலில் உட்கார்ந்து வருகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. ஒரு கையே போதும். வழக்கு வேண்டாம் என்று நீ கையெழுத்துப் போட்டால். அதை எப்படிப் போடுவாள் என்று வாய்வரை வந்தது, முழுங்கினேன்.

அந்த வேலைக்கு வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. எனக்கு இப்போதெல்லாம் என்ன சமைத்தேன் என்பதே சாப்பிடும்போதுதான் தெரிகிறது.

சீட்டைத் தேடுகிறேன். எங்கேயோ வைத்தேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா சொல்கிறாள், இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்த்தேன்.

வழக்கு போட்டாயிற்று. தொழிலாளர் அதிகாரி முன்னால் இந்த மாதக் கடைசியில் விசாரணை. மூட்டை எண்ணுகிற வேலை வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாசலில் உட்கார்ந்தால் நாள் முழுக்க உருளைச் சத்தம் கேட்கும்.

இல்லாத விரல்கள் அரிக்கின்றன. இருக்கிற இடத்தில் ஊசி குத்தினால் தெரியவில்லை, இல்லாத இடத்தில் அரிக்கிறது. சொறிய வழியில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் இது எல்லாருக்கும் வரும் என்றாள். சரி என்றேன்.

'ற' போட்டுப் பழகுகிறேன். சீட்டு கிடைத்தால் அனுப்புங்கள்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று விசாரணை. உங்களிடமிருந்து பதில் வராததால் சீட்டு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சின்ன அறைதான். ஒரு மேசை, அதற்குப் பின்னால் அதிகாரி, நரைத்த தலை, சளிப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு குமாஸ்தா. விசில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் இல்லாமல் பார்க்க யாரோ போல இருந்தார். என்னைப் பார்த்து "எப்படிம்மா இருக்கே?" என்றார். "இருக்கேன்" என்றேன்.

கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்துப் படித்தார். நீங்கள் எழுதிக் கொடுத்தது. 'அன்று நான் என் பணியில் உருளை இயந்திரத்தின் அருகில் இருந்தேன். விடுமுறையில் இருந்த என் நாத்தனார் என்னைப் பார்க்க வந்தாள். என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, நான் வேண்டாம் என்று எச்சரித்தும் கேளாமல், விளையாட்டாக விரிப்பைத் தள்ளினாள்.' கீழே உங்கள் கையெழுத்து. உங்கள் கையெழுத்தின் வால் எனக்குத் தெரியாதா. அதிகாரி என்னிடம் தாளைத் திருப்பிக் காட்டி, "இது உங்க அண்ணி கையெழுத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். வக்கீலம்மா என் காலை மிதித்தாள். வேறு என்ன சொல்வது, உங்களுடையதுதானே.

அப்புறம் அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்பெனி வக்கீலைக் கேட்டார். "பக்கத்துல நின்னாங்கன்னா, மிஷினை நிறுத்தற சிவப்புப் பொத்தானை ஏன் அமுக்கலை?" அவர், "பதற்றத்துல தோணலை" என்றார். அதிகாரி, அந்த அம்மாவை அடுத்த விசாரணைக்கு நேரில் வரச்சொல்லுங்கள் என்று எழுதிவிட்டார். உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

அண்ணி, ஒருமுறை என் சட்டைக் கையின் நுனி உருளையில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா. நான் 'ஐயோ' என்று சொல்வதற்குள் நீங்கள் பொத்தானை அமுக்கிவிட்டீர்கள். அமுக்கிய கையோடு என் கன்னத்தில் ஒன்று விட்டீர்கள். "செத்துத் தொலைஞ்சிருப்பியே, உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது" என்று கத்தினீர்கள். உங்களுக்கா பதற்றத்தில் தோணாது.

நீங்கள் எனக்கு எதிராக எழுதிக் கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. ஆணியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தத் தாளில் நீங்கள் என் பக்கத்தில் நிற்கிறீர்கள். நிஜமாகவே நின்றிருந்தால் எனக்குக் கை இருக்கும். அதைப் படித்ததிலிருந்து அந்த ஒரு இடம் மட்டும் என்னவோ செய்கிறது.

அன்றைக்கு எந்த அட்டையை அடித்தேன் என்று என்னைக் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
வாயாடி


மே 7

வாயாடிக்கு,

நோட்டீஸ் வந்தது. விசில்தான் கொண்டுவந்து கொடுத்தார். "போய், எழுதிக் கொடுத்ததையே சொல்லிட்டு வந்துடு. அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். உன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். வண்டிச் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். அறைச் சாவியையும் கேட்டார்கள், அதையும் அதன் பக்கத்தில் வைத்தார். யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள். தாளை என் பக்கம் நகர்த்தினார்கள்.

படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். படித்தேன். 'என் பக்கத்தில் நின்று' என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். அது அப்படியே நடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகவேகூடப் போட்டிருப்பேன் போல. போட்ட பிறகு உன் அண்ணன் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டார்.

சீட்டு தொலையவே இல்லை. பெட்டிக்கடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இருக்கிறது. வைத்தது நான்தான்.

வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. நம்பிக்கொண்டிருக்காதே.

அண்ணி


மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வந்ததை நீங்களே அறிவீர்கள், நான் எழுதி என்ன. இருந்தாலும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், எனக்கு என்ன தெரிந்தது என்பதை எழுதுகிறேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லையே.

கல்யாணத்துக்குப் போகிற அந்த நீலப் புடவையில் வந்தீர்கள். இளைத்துவிட்டீர்கள். அதிகாரி, "அன்னிக்கு வேலையில இருந்தீங்களா?" என்று கேட்டார். விசில் தொண்டையைச் செருமினார். அதிகாரி மறுபடி கேட்டார், "எங்கே இருந்தீங்க?" நீங்கள் வாயை ஆவென்று திறந்து, விரலால் கன்னத்தை இழுத்து, பல் இல்லாத இடத்தைக் காட்டினீர்கள். குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம்தான் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள்.

"லீவு கேட்டேன், குடுக்கலை. வலி தாங்கலை. இவளை என் அட்டையை அடிக்கச் சொல்லி நிறுத்திட்டுப் போனேன். இவருக்குத் தெரியும். நான் பல்லைப் பிடுங்கிட்டு வர்றதுக்குள்ள இவ கை போயிடுச்சு." அவ்வளவுதான் சொன்னீர்கள். கம்பெனி வக்கீல், முன்னால் எழுதிக் கொடுத்தது பொய்யா என்று கேட்டதற்கு, "ஆமா, பொய்" என்றீர்கள். விலை கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

முடிந்ததும் நான் எழுந்து வருவதற்குள் நீங்கள் படி இறங்கிவிட்டீர்கள். வாசலுக்கு ஓடி வந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தீர்கள், நேராகப் பார்த்துக்கொண்டு. நான் கையை ஆட்டினேன். எந்தக் கையை ஆட்டினேன் என்று அப்புறம்தான் கவனித்தேன்.

என்ன நடந்தது அங்கே. வேலை இருக்கிறதா. அண்ணன் என்ன சொன்னான். எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. பாட்டுக்காரியைக் கடைத்தெருவில் பார்த்தேன். உங்களை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள் என்றும், அண்ணனிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்றும், அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டீர்கள் என்றும் சொன்னாள். எங்கே என்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. நான் அன்றைக்கு வேலையில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். அட்டை யாருடையதாக இருந்தாலும் நின்றது நான்தான், நிறுத்தியது அவர்கள்தான் என்று இருக்கிறது. இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு. மேல்முறையீட்டுக்குப் போவோம் என்று மிரட்டிப் பார்த்துவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டார்கள். உங்களை நிறுத்தியதற்கும் தனியாக மனுப் போடலாம் என்கிறாள் வக்கீலம்மா. நீங்கள் நேரில் வர வேண்டுமாம்.

நான் ஓர் அறை பார்த்திருக்கிறேன். சமையலுக்குத் தனியாக இடம் உண்டு, ஜன்னலுக்கு எதிரே சுவர் இல்லை. மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். நீங்களும் அண்ணனும் வந்துவிடுங்கள். உங்களுக்குத் தயவு காட்டுவதாக நினைக்க வேண்டாம். எனக்குத் தலை பின்ன ஆள் வேண்டும்.

கைப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள், இனி தேவையில்லையாம். எழுத்தைப் பார்த்தீர்களா. 'ற' நிமிர்ந்துவிட்டது. உள்ளங்கையின் ஓரத்தில் ஊசி குத்தினால் லேசாகத் தெரிகிறது. தீர்ப்பு வந்த அன்று, படி இறங்கும்போது, என்னை அறியாமல் அழுகை வந்தது. அக்கா பயந்துவிட்டாள்.

உங்கள் வாய் நலமா. அந்தப் பக்கமாக மெல்ல முடிகிறதா.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 10

வாயாடிக்கு,

உன் கடிதங்கள் மூன்றும் பாட்டுக்காரி மூலம் வந்தன. இருக்கிற இடத்தை மேலே எழுதவில்லை, தெரிந்துதான் எழுதவில்லை.

நாங்கள் இருக்கிறோம். உன் அண்ணன் வேறு ஒருவர் லாரியை ஓட்டுகிறார். தூரம் போகிறார், வந்தால் தூங்குகிறார். நான் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறேன். உருளை இல்லாத வேலை, நிம்மதி. இங்கே அட்டை கிட்டை கிடையாது. வந்தால் வந்தாய், வராவிட்டால் வராத கணக்கு.

விசாரணைக்குப் போய்விட்டு வந்த அன்று உன் அண்ணன், "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். "சரி" என்றார். சாமான் கட்டக் கயிறு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் உன்மேலும் கோபமாக இல்லை, என்மேலும் இல்லை. இந்த வீட்டில் இப்போது யாருக்கும் எதன்மேலும் எதுவும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து காட்டினேனே, அன்றைக்கு அதற்காகத்தான் காட்டினேன். லேசாகவில்லை. பஸ் ஜன்னலில் நீ கை ஆட்டினதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். அதற்கப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கைதான் வருகிறது.

உன் கடிதம் வந்தால் நாள் கணக்கில் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பிரித்தால் நீ என் பல்லை விசாரிப்பாய். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விசாரிப்பாய். நீ ஒருமுறையாவது என்னைத் திட்டியிருக்கலாம். உன் பல்லுக்கு என் கை கேட்டதா பாவி என்று ஒரு வார்த்தை. நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, அழுது, மூக்கைச் சிந்தி, முடிந்திருக்கும். நீ நலமா என்று கேட்கிறாய். மெல்ல முடிகிறதா என்று கேட்கிறாய். நான் அதற்கு என்னம்மா பதில் எழுதுவது.

வந்து இரு என்கிறாய். அந்தக் கைக்குக் கிடைத்த அறை அது. அதில் எனக்குத் தூக்கம் வராது. மனுவும் வேண்டாம். வக்கீலம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அழுகை வந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களுக்கு இன்னும் வரவில்லை.

ராத்திரியில் கைக்கு எண்ணெய் தடவி அமுக்கிவிடச் சொல். தலையைத் தொளதொளவென்று பின்னச் சொல், இழுத்துப் பின்னினால் நெற்றி ஏறிவிடும். நல்ல பையன் யாராவது கேட்டு வந்தால் கையைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்லாதே.

உன் கடைசிக் கடிதத்தை இங்கே கூட வேலை செய்கிறவளிடம் காட்டினேன். "யாரு, டீச்சரா? எழுத்து முத்து முத்தா இருக்கே" என்றாள். ஆமாம், என் நாத்தனார் என்றேன்.

எழுத்து தேறும்வரை எழுதச் சொன்னாள் என்றாய். தேறிவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணி